புதிய இடத்தில் முதல் வாரம்: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் வந்து சேர்பவர்களுக்கு

ஜூன் பிறந்தால் சேலத்தில் புதுமுகங்கள் பெருகிவிடும். பெரியார் பல்கலைக்கழகத்திலும் அரசுக் கல்லூரிகளிலும் சேர வந்த பிள்ளைகள் பெட்டியும் படுக்கையுமாக இறங்குவார்கள். மாறுதல் கலந்தாய்வில் இடம் கிடைத்த ஆசிரியர்கள் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வழி கேட்பார்கள். இரும்பாலை, வங்கி, ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று வேலைக்கு வருபவர்கள் தனி. யாராக இருந்தாலும் ஒரு நாள் பத்துப் பேருக்கு முன்னால் நின்று "நான் இன்னார்" என்று சொல்லியாக வேண்டும். அந்த அரை நிமிடத்தை நினைத்து முந்தைய இரவு தூங்காதவர்கள் உண்டு.

எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் வாழ்க்கை வரலாற்றைக் கேட்கக் காத்திருக்கவில்லை. உங்களை என்னவென்று கூப்பிடுவது, எந்த ஊர், இங்கே என்ன வேலை பார்க்கப் போகிறீர்கள் என்ற மூன்றும் தெரிந்தால் அவர்களுக்குப் போதும். அதை நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவர்களே ஊகித்துக்கொள்வார்கள். அந்த ஊகத்தைப் பிறகு திருத்துவது பெரும்பாடு.

முந்தைய நாள்

நான்கு வாக்கியங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாளில் எழுதினால் போதாது, வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். எழுத்தில் அழகாக இருக்கும் வாக்கியம் வாயில் வரும்போது தடுக்கும். பள்ளி ஆசிரியருக்கு ஒரு மாதிரி:

"எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் மு. தமிழ்ச்செல்வி. ஊத்தங்கரையிலிருந்து மாறுதலில் வந்திருக்கிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கப் போகிறேன். இந்தப் பள்ளி நடைமுறை எனக்குப் புதிது, ஒரு வாரத்துக்கு அடிக்கடி உங்களிடம் வந்து கேட்பேன்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். உதவி கேட்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதால் மறுநாள் போய்க் கேட்பதில் கூச்சம் இருக்காது. கேட்கப்படுபவருக்கும் மரியாதை கிடைத்தது போல இருக்கும். இதை விட்டுவிட்டு, வாங்கிய விருதுகளையும் பழைய பள்ளியின் தேர்ச்சி விகிதத்தையும் அடுக்கினால் அறையில் இருக்கும் மூத்தவர் ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். திறமை இருந்தால் ஆடி மாதத்துக்குள் தானே தெரிந்துவிடும்.

கணினி நிறுவனத்தில் சேர்பவர் இதையே இன்னும் சுருக்கலாம்: பெயர், ஊர், எந்தக் குழு, இதற்கு முன் எதில் வேலை. கல்லூரி மாணவர் என்றால் பெயர், ஊர், பாடம், விடுதியா வீட்டிலிருந்து வந்துபோவதா. இந்தக் கடைசித் தகவல் சின்னதாகத் தெரியும். ஆனால் பஸ்ஸில் கூட வரப்போகும் நண்பர்கள் அதைக் கேட்டுத்தான் உங்களைத் தேடி வருவார்கள். ஆத்தூரிலிருந்தோ ஓமலூரிலிருந்தோ தினமும் வந்துபோகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரப் பஸ் பயணமும் ஒரு வகுப்பறைதான்.

பெயர்

கூப்பிட வேண்டிய பெயரை நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள். "கார்த்திகேயன், கார்த்தி என்றே கூப்பிடலாம்" என்றால் விஷயம் முடிந்தது. தமிழ்நாட்டில் எந்தக் கூட்டத்திலும் ஏற்கெனவே ஒரு கார்த்தியோ பிரியாவோ இருப்பார். அப்படி இருந்தால் அன்றைக்கே முன்னெழுத்தையோ ஊரையோ சேர்த்துக்கொள்ளுங்கள்: "எஸ். பிரியா", "அரூர் கார்த்தி". நீங்கள் செய்யாவிட்டால் மற்றவர்கள் செய்வார்கள். "கண்ணாடி கார்த்தி" என்றோ "குண்டு பிரியா" என்றோ ஒட்டிக்கொண்ட பெயர் மாறுதல் வாங்கிப் போகும்வரை போகாது.

பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது இன்னொன்று. அரசு அலுவலகங்களிலும் பள்ளி, கல்லூரிகளிலும் பெயரோடு முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021-இல் அரசாணை வந்தது. "எஸ்" என்று பழகியவர் "சு." என்றோ "ச." என்றோ எழுத வேண்டியிருக்கும். தந்தை பெயரின் முதல் எழுத்து எது என்று பதிவேட்டுக்கு முன்னால் நின்று யோசிக்காதீர்கள்.

ஊர்

சேலத்தில் இது பெயரைவிடப் பெரிய கேள்வி. "எந்த ஊருங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பலர் பெயரையே கேட்பார்கள். கேட்பவருக்கு உங்களைத் தன் மனத்திலுள்ள வரைபடத்தில் ஓரிடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் "சேலம் பக்கம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். எடப்பாடியா, மேட்டூரா, சங்ககிரியா, தலைவாசலா என்று சொல்லுங்கள். தருமபுரி 1965 வரையும் நாமக்கல் 1997-இன் தொடக்கம் வரையும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. ராசிபுரம் என்றாலும் பென்னாகரம் என்றாலும் வயதானவர்கள் "நம் ஜில்லாதானே" என்று ஒட்டிக்கொள்வார்கள். அந்த ஒட்டுதலை வேண்டாம் என்று தள்ளாதீர்கள். புது மாவட்டக் கணக்கை அவருக்கு விளக்க வேண்டிய அவசியமில்லை.

தொலைவிலிருந்து வருபவர்கள் ஊர்ப் பெயரோடு ஓர் அடையாளத்தையும் சேர்த்துச் சொன்னால் பேச்சு தொடரும். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூர் என்றால் அருகிலுள்ள பெரிய ஊர், ஆறு, கோயில் எதையாவது சொல்லலாம். அதற்குமேல் ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "எங்கள் ஊரில் இப்படி இல்லை" என்று தொடங்கும் வாக்கியத்தை முதல் மாதம் முழுக்க மூட்டை கட்டி வையுங்கள். வெயில், ஐந்து ரோட்டு நெரிசல், தண்ணீர் எதைப் பற்றியும் சேலத்துக்காரரே குறை சொல்வார். நீங்கள் தலையாட்டலாம். தொடங்கி வைப்பவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

பேச ஒன்றும் கிடைக்காவிட்டால் தட்டுவடை செட் எங்கே நன்றாக இருக்கும் என்று கேளுங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் சட்னியும் வைத்துத் தருவது. சாதாரணமான பண்டம்தான். ஆனால் ஒரே அலுவலகத்தில் ஐந்து பேர் ஐந்து தள்ளுவண்டியைச் சொல்வார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொள்ளமாட்டார். அந்தச் சண்டை நடக்கும்போது நீங்கள் புதியவர் என்பதையே மறந்துவிடுவார்கள்.

ஊர்க் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு, யார் வீடு, குலதெய்வம் எது என்று கேள்வி படிப்படியாக இறங்கினால் கேட்பவர் தேடுவது உங்கள் சாதியை. நேராகக் கேட்க நாக்கு கூசுகிறது, அதனால் சுற்றி வருகிறார். ஊரைச் சொல்லிவிட்டீர்கள் அல்லவா, அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் வீடு. நீங்கள் இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்?" என்று பேச்சைத் திருப்புங்கள். பெரும்பாலானவர்கள் புரிந்துகொண்டு விட்டுவிடுவார்கள். மறுபடியும் நோண்டினால் சிரித்த முகத்தோடு, ஆனால் தெளிவாக, "அதெல்லாம் நம் வேலைக்குத் தேவைப்படாது" என்று சொல்லிவிடலாம். இது மரியாதைக் குறைவு ஆகாது. மரியாதைக் குறைவாக நடந்தது கேட்டவர்தான். அதன் பிறகு உங்களை வேறு மாதிரி நடத்துகிறார்கள் என்று தெரிந்தால் தேதி, நேரம், சொன்ன சொல் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். தலைமையிடம் எழுத்தில் கொடுக்க வேண்டிய விஷயம் அது. நீங்களும் யாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். "சைவமா, அசைவமா?" என்பதைக்கூட டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, பரிமாறுவதற்காக மட்டும் கேளுங்கள்.

சம்பளம், கல்யாணம், குழந்தை பற்றிய கேள்விகளும் முதல் வாரத்திலேயே வரும். பெண்களுக்கு அதிகமாக வரும். "வாங்குவது செலவுக்குச் சரியாக இருக்கிறது" என்பது சம்பளக் கேள்விக்குப் பழைய பதில், இன்றும் வேலை செய்கிறது.

அறைக்குள் போனதும்

முதலில் நாற்காலி. ஆசிரியர் ஓய்வறையில் காலியாகத் தெரியும் நாற்காலி எதுவும் காலி இல்லை. முதுகில் ஒரு துண்டு தொங்கும், காலடியில் ஒரு கூடை இருக்கும், மேசைமேல் மூடி கழன்ற சிவப்புப் பேனா ஒன்று கிடக்கும். அது பதினைந்து வருடமாக ஒருவருடைய இடம். "இங்கே யாராவது உட்காருவார்களா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். அலுவலகத்திலும் வகுப்பறையின் கடைசி வரிசையிலும் இதே சட்டம்தான்.

தலைமை ஆசிரியரோ மேலாளரோ உங்களை அறிமுகப்படுத்தினால் அவர் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். பிறகு எழுந்து நின்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம், நான்கு வாக்கியம், உட்காருங்கள். பார்வை ஒரே முகத்தில் நிற்க வேண்டாம், தரையிலும் வேண்டாம். குரல் கடைசி வரிசைக்குக் கேட்டால் போதும்.

எல்லோரையும் "நீங்கள்" என்றே அழையுங்கள், வயதில் சிறியவர்களையும் சேர்த்து. சேலத்திலிருந்து மேற்கே சங்ககிரி, எடப்பாடி பக்கம் போகப் போகப் பேச்சில் "ங்க" கூடிக்கொண்டே போகும். பெற்ற பிள்ளையையே "வாங்க, உட்காருங்க" என்று அழைக்கும் வீடுகள் உண்டு. வேறு ஊரில் அன்போடு சொல்லப்படும் "வா, போ" இந்த மேற்குப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் காதில் அதட்டலாக விழும். எதிரே இருப்பவர் தானாக இறங்கி வந்து "நீ என்றே கூப்பிடு" என்று சொல்லட்டும். அதுவரை அவசரமில்லை. மேலதிகாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் சார், மேடம். கூட வேலை செய்பவர்களில் மூத்தவர்களுக்கு அண்ணா, அக்கா. ஆனால் புதிதாக வந்த அதிகாரியை அக்கா என்று அழைப்பதற்கு முன் மற்றவர்கள் அவரை எப்படி அழைக்கிறார்கள் என்று ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள்.

சேலத்தில் வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், உருது பேசுபவர்கள் நிறைய. இரண்டு பேர் தங்களுக்குள் வேறு மொழியில் பேசிக்கொண்டால் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அனேகமாகச் சாயங்காலம் என்ன காய் வாங்குவது என்பதாக இருக்கும்.

அறையில் இருப்பவர்களோடு அறிமுகம் முடிந்துவிடாது. அலுவலக உதவியாளர், துப்புரவுப் பணியாளர், காவலாளி, சமையலறை அக்கா எல்லோரிடமும் அன்றைக்கே போய்ப் பெயர் சொல்லுங்கள், அவர்கள் பெயரையும் கேளுங்கள். படித்தவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் படி இது. எந்தச் சாவி எங்கே, எந்தக் குழாயில் குடிக்கலாம், மேலாளர் எந்த நேரத்தில் நல்ல மனநிலையில் இருப்பார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அதற்காக மட்டும் பேச வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்களும் கூட வேலை செய்பவர்கள், அவ்வளவுதான்.

வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்தால் பெயர், பிரிவு, ஒரு வணக்கம் என்று ஒரே செய்தி போதும். பூப்படம் போட்ட காலை வணக்கங்களை அனுப்ப ஏற்கெனவே அங்கே ஆள் இருக்கிறது.

டீ குடிக்கக் கூப்பிட்டால்

போங்கள். டீ பிடிக்காது என்றால் பால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் போங்கள். கூட்டத்தில் சொன்ன நான்கு வாக்கியங்களை யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். டீக்கடையில்தான் உண்மையான அறிமுகம் நடக்கும். முதல் நாள் காசு கொடுக்க முந்திக்கொண்டு கையைப் பிடித்து இழுக்கும் நாடகம் வேண்டாம். அவர்கள் கொடுக்கட்டும், இரண்டாம் நாள் சத்தமில்லாமல் நீங்கள் கொடுத்துவிடுங்கள். அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் டம்ளரைப் பார்த்துக்கொண்டு இருங்கள். முதல் வாரத்திலேயே உங்களைத் தன் பக்கம் இழுக்கிறவருக்குப் பெரும்பாலும் வேறு யாரும் துணை இருக்கமாட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பகிரக்கூடிய ஏதாவது ஒன்றைச் சற்றுக் கூடுதலாகக் கொண்டு போங்கள், ஊறுகாயாக இருந்தாலும் சரி. ஆடியில் சேர்ந்தவர்களுக்கு இன்னும் எளிது. கோட்டை மாரியம்மனுக்கும் செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை, குகை மாரியம்மன்களுக்கும் அந்த மாதத்தில்தான் பண்டிகை. உங்கள் பகுதியில் என்றைக்கு என்ன என்று ஒருவரிடம் கேட்டால் மதிய இடைவேளை முழுவதும் அவரே பேசிவிடுவார். வீட்டுக்கு அழைத்தால் தட்டாதீர்கள்.

சீனியர்கள் கூப்பிட்டால்

பெயர், ஊர், பாடம் கேட்பது அறிமுகம். பாடச் சொல்வது, மண்டியிடச் சொல்வது, இரவில் அறைக்கு வரச் சொல்வது, கைபேசியைப் பிடுங்கிப் பார்ப்பது ராகிங். இரண்டுக்கும் நடுவில் விளையாட்டு என்று ஒன்று இருப்பதாகச் சீனியர்கள் சொல்வார்கள். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் அது விளையாட்டு இல்லை. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங்கைத் தடை செய்து சட்டம் இயற்றியது. இரண்டாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடம் உண்டு. தேசிய உதவி எண் 1800-180-5522, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். முதல் நாளே கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள், பெற்றோரிடமும் கொடுங்கள். அதே சமயம், நூலகத்துக்கு வழி சொல்லும் சீனியரையும் பழைய வினாத்தாள் கொடுக்கும் சீனியரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்காதீர்கள். அவர்கள்தான் அதிகம்.

வெள்ளிப் பட்டறையில் சேர்பவர்கள்

இங்கே மேடை, கூட்டம், நான்கு வாக்கியம் எதுவும் இல்லை. யார் சொல்லி வந்தாய் என்பதுதான் அறிமுகம். அழைத்து வந்தவர் முதல் நாள் கூடவே இருப்பது நல்லது. கொலுசு வேலையில் வெள்ளி எடை போட்டுத்தான் கைக்கு வரும், எடை போட்டுத்தான் திரும்பிப் போகும். துண்டும் தூளும்கூடக் கணக்கில் உண்டு. எனவே சொல்லும்வரை எதையும் தொடாமல், காட்டிய இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் கையைப் பாருங்கள். பற்றவைப்பவர் ஊதிக்கொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். அவர் நிமிர்ந்த பிறகு பெயரைச் சொல்லலாம். அமைதியாக வேலையைப் பார்ப்பவன் என்ற பெயர் முதல் வாரத்தில் கிடைத்துவிட்டால் அதைவிட நல்ல அறிமுகம் அந்தத் தொழிலில் கிடையாது.

மலைமேல்

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். நீங்கள் ஏறி முடிப்பதற்குள் புது ஆள் வருகிற செய்தி முன்னால் போய்விட்டிருக்கும். சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மளிகைக்கடைக்காரரும் பஸ் கண்டக்டரும் உங்கள் அறிமுகப் பட்டியலில் இருக்க வேண்டும். கடைசி பஸ்ஸை விட்டுவிட்ட இரவில் அதன் அருமை தெரியும்.

விடுதியோடு கூடிய பள்ளிகளுக்கு ஏற்காடு பேர்போனது. மான்ட்போர்ட் பள்ளி தொடங்கியது 1917-இல். இத்தகைய பள்ளிகளின் வளாகத்திலேயே குடியிருக்கப் போகும் ஆசிரியருக்கு அறிமுகம் காலை மணியோடு முடியாது. இரவு உணவுக் கூடத்திலும் ஞாயிற்றுக்கிழமை நடையிலும் அதே முகங்கள்தான். நன்றாகப் பழகுங்கள், ஆனால் சொந்தக் கதை முழுவதையும் முதல் மாதமே கொட்டித் தீர்த்துவிட வேண்டாம். மீதி ஒன்பது மாதம் பேச என்ன இருக்கும்?

மலைக்குப் போகும் புதியவர்கள் அடிக்கடி இடறுவது இரண்டு இடத்தில். இங்குள்ள ஒருவர் தன்னை மலையாளி என்று சொன்னால் கேரளத்தில் எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள் அவர்கள், பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக வழிவழியாகச் சொல்வார்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820 வாக்கில் காப்பியைக் கொண்டுவந்தபோது அவர்கள் ஏற்கெனவே இங்கே சாமை, கேழ்வரகு விதைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் மலையில் யார் பழையவர், யார் புதியவர் என்பதில் உங்களுக்குக் குழப்பம் வேண்டாம். மே மாதம் நடக்கும் சேர்வராயன் கோயில் திருவிழாவைப் பற்றிக் கேளுங்கள், மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

இரண்டாவது, "ஏழைகளின் ஊட்டி" என்ற அடைமொழி. சுற்றுலா விளம்பரத்தில் பலமுறை படித்திருப்பீர்கள். மேலே வந்து அதைச் சொல்லாதீர்கள். தன் ஊரை இன்னோர் ஊரின் மலிவுப் பதிப்பு என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

காப்பித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால், அதிலும் மேற்பார்வைக்குச் சேர்ந்தால், காலையில் ஆட்கள் கூடும் இடத்துக்கு அவர்களுக்கு முன்னால் போய் நில்லுங்கள். பழம் பறிப்பு மும்முரமாக இருக்கும் மார்கழி, தை மாதங்களில் அங்கே யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள், மதியம் சோறு உண்ணும்போது உட்கார்ந்து பேசலாம். இருபது வருடம் பறித்தவரிடம் பழம் பறிப்பதைப் பற்றி அறிவுரை சொல்லாதீர்கள். ஸ்வெட்டர் வேண்டும். கீழே சேலத்தில் வியர்த்துக்கொண்டிருக்கும்போது அது நினைவுக்கு வராது.

பெயர் மறந்துபோனால்

முதல் வாரத்தில் இருபது பெயர் சொல்வார்கள், ஆறு நிற்கும். ஒரு வாரத்துக்குள் என்றால் "பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை, யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் முகம் சுருங்கும். அப்போது வேறு வழிகள் உண்டு. சுற்றறிக்கையில் அவர் எந்த வரியில் கையெழுத்துப் போடுகிறார் என்று பாருங்கள். மூத்தவர்களிடம் "அந்த மேசை சார்" என்று கைகாட்டி விசாரிக்கலாம். உதவியாளர் அக்காவிடம் கேட்டால் பெயரோடு அவர் மகள் எந்தக் கல்லூரியில் படிக்கிறாள் என்பதையும் சேர்த்தே சொல்வார்.